அப்பாவின் கையும் என் ஆமெனும்

அப்பாவின் உள்ளங்கையில் எப்போதும் ஊறிய தோலின் வாடை இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சோப்பும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும், ஞாயிறு காலை கோயிலுக்குப் புறப்படுமுன் அந்தக் கை என் தலைமேல் வந்து உட்காரும்போது, தேங்காயெண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் மீறி அதுதான் மூக்கில் ஏறும். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அது நாற்றமே இல்லை. அப்பாவின் வாசம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அதற்குக் "கை வைக்கிறது" என்று பெயர். அண்ணனும் நானும் பாயில் முழங்கால் போடுவோம். வாரம் முழுக்க "இன்னாடா, தோலு இன்னும் காயலயா" என்று கத்துகிற மனிதர், கண்ணை மூடியதும் "தேவரீர்" என்று ஆரம்பித்துவிடுவார். முதலில் அண்ணன். "கர்த்தாவே, இவனைத் தலையாக்கும், வாலாக்காதேயும், தேசங்களுக்கு முன்பாக உயர்த்தும்" என்று அது நீண்டுகொண்டே போக, எனக்கு முழங்கால் மரத்துவிடும். பிறகு கை என் பக்கம் நகரும். "இவளைக் கீழ்ப்படிதலுள்ள பிள்ளையாகக் காத்துக்கொள்ளும்." முடிந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே, எங்கள் வீட்டில் அது ஜெபத்திலேயே நடந்தது. எனக்கும் அந்தத் "தலை" வேண்டும் என்று ஏங்கி, ஒருமுறை ஜெபத்தின் நடுவிலேயே "எனக்குப்பா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள். "ஜெபத்துல குறுக்கப் பேசினா ஆசீர்வாதம் பாதியிலயே நின்னுடும்டி. கம்முனு ஆமென் சொல்லு."

பிளஸ் டூவில் நான் அண்ணனைவிட ஜாஸ்தி மார்க் வாங்கினேன். அவன் அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். வேலூரில் நர்சிங் படிக்க விண்ணப்பம் வாங்கி, அப்பாவின் கையெழுத்துக்காகப் பைபிளுக்குள் வைத்திருந்தேன்; அது அவருக்கும் தெரியும். இந்த வாரமாவது "தலை" எனக்கு வந்துவிடும் என்று அந்த ஞாயிறு ஆசையாகத் தலையைக் குனிந்தேன். கை வழக்கத்தைவிட அழுத்தமாக வந்து உட்கார்ந்தது. "கர்த்தாவே, நாளைக்கு ஷூ கம்பெனிக்குப் போகிற இந்தப் பிள்ளையின் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும். அதனாலே இவள் அண்ணனுடைய படிப்பு தடையில்லாமல் முடியக் கிருபை செய்யும்."

நாளைக்கு நான் வேலைக்குப் போகிறேன் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன். அவர் ஆண்டவரிடமல்லவா சொல்லிவிட்டார்! அம்மா சத்தமாக ஆமென் என்றாள். அண்ணனும் சொன்னான். மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நானும் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன் என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் காலை கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. அன்றிலிருந்து கண் மங்கும்வரை, யார் யாரோ போட்டு நடக்கப்போகிற ஷூக்களுக்கு மேல்தோல் தைத்தேன்.

இப்போது அப்பா வேலை பார்த்த டேனரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அம்மா இல்லை. தலையாக்கப்பட்ட அண்ணன் கனடாவிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் வந்து, "அப்பாவ நல்லா பாத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அப்பா என் வீட்டில்தான் இருக்கிறார். அவர் கையில் அந்த வாடை போய்விட்டது. நான் தேய்த்துவிடும் சோப்புதான் மணக்கிறது.

போன ஞாயிறு அவருக்குச் சட்டைப் பொத்தான் போடக் குனிந்தேன். அந்தக் கை என் நரைத்த தலைமேல் வந்தது. "கர்த்தாவே, என் மகளைத் தலையாக்கும், வாலாக்காதேயும்" என்றார். எத்தனை ஞாயிறு இதற்காக முழங்காலில் நின்றிருக்கிறேன்! அழுகை வரவில்லை. கோபம்கூட முழுசாக வரவில்லை. சொல்லி முடித்தவர், கண்ணைத் திறக்காமல் என் ஆமெனுக்காகக் காத்திருந்தார்.

"அடுப்புல பால் இருக்குப்பா" என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.