வெள்ளைத்துரை கேட்ட சத்து

வெள்ளைத்துரை நல்ல கறுப்பு. பெயர் வைத்தவர் இருட்டில் வைத்திருக்க வேண்டும். தொண்ணூற்றெட்டில் அவர் சைதாப்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து, அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் குப்பி கழுவினார். வெந்நீர்த் தொட்டியில் சூடு ஏறாமல், இறங்காமல் பார்த்துக்கொண்டார். வீட்டில் மட்டும் அவர்தான் விஞ்ஞானி.

"இன்னாய்யா விஞ்ஞானி, இன்னிக்கு இன்னாத்த கீச்ச?" என்பாள் மனைவி தங்கபுஷ்பம். மார்க்கெட்டில் மீன் விற்றவள். மார்பில் கட்டி வந்து பாயில் விழுந்துவிட்டாள். மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் போயிற்று. கட்டி மட்டும் போகவில்லை.

அவளைச் சிரிக்கவைக்க அவர் அளப்பார். "ஒடம்புக்குள்ள துக்குளூண்டு செல்லு கீது பாரு, சூடு தாங்கலன்னா அதுவா தற்கொல பண்ணிக்கும். ஆனா மொதல்ல லேசா சூடு காட்டுனா உள்ள ஒரு சத்து ஊறும். அப்பால எவ்ளோ சூடு வச்சாலும் அந்தச் சத்து, 'சாவாத, இர்றா'ன்னு புட்ச்சி நிறுத்திக்கும்."

ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. "யோவ், அத்த எனுக்குக் கொஞ்சம் வாங்கியாயேன்."

மறுநாள் வெள்ளைத்துரை ஆராய்ச்சி மாணவி ஹம்சினி முன்னால் போய் நின்றார். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஹம்சினிம்மா, அந்தச் சத்து ஒரு சொட்டு கெடைக்குமா? வூட்ல கேக்குது."

சிரிக்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "கட்டியில இருக்கறதும் செல்தான், அண்ணா. மருந்து அதைச் சாகச் சொல்றது. அது இதே சத்தை வெச்சுண்டு தப்பிச்சுடறது. சில பேர் கட்டியில அது நிறையவே இருக்கும்."

"அதான் எங்க வூட்ல மருந்து கேக்கலியா?"

"இருக்கலாம், அண்ணா."

அன்று கழுவிய குப்பியையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

வாசலில் செருப்பை விடுமுன்பே தங்கபுஷ்பம், "கேட்டியா?" என்றாள். பொய் சொல்வதில் பேட்டையிலேயே அவருக்கு ஈடு கிடையாது. பார்த்து அன்றைக்குத்தான் ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"கேட்டேன்மே. உனுக்கு உள்ளயே நெறைய கீதாம்."

அவள் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினாள். "ஷகீலா! கேட்டுக்கினியாடி? என் ஒடம்புல சாவாத சத்து ஊறிக்கினு கீதாம்! ஆபீஸ்லயே சொல்ட்டாங்க!"

"அப்போ எங்க எல்லாரையும் தூக்கிப்போட்டுட்டுத்தான் நீ போவ!" என்றது சுவர்.

தங்கபுஷ்பம் இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு பசிக்கிறது என்றாள். வெள்ளைத்துரை சோறு போட்டார். அவள் போதும் போதும் என்று கையை மறித்தும், குனிந்த தலை நிமிராமல் போட்டுக்கொண்டே இருந்தார்.