சிங்கத்தின் எண்

கிசி ஊரில் மட்டாட்டு எனும் பயணிகள் வேனில் ஏறும் முன் கெமுண்டோ அதன் பதிவு எண்ணை வாய்க்குள் மூன்று முறை சொல்லிக்கொள்வாள். இருபது வருடப் பழக்கம். "என்னக்கா, வண்டிக்கு மந்திரம் ஓதுறியா?" என்று நடத்துநர்கள் கிண்டலடிப்பார்கள். மற்றவர்களுக்கு வேனின் மேல் தீட்டிய பெயர் மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அவள் இறங்கி முடிப்பதற்குள் நடத்துநர் கிளம்பச் சொல்லிக் கூரையைத் தட்டிவிட்டான். விழுந்தவளின் வலது கால்மேல் சக்கரம் ஏறியது. வேன் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

நிறுத்தத்தில் பார்த்தவர்கள் எல்லோரும், "சிங்கம்னு எழுதின வேன்தான்" என்றார்கள். வேன் முதலாளி அதற்குள் புது வண்ணம் அடித்து, கழுகு என்று பெயர் மாற்றிவிட்டான். "எங்கிட்ட சிங்கமே இல்லையே" என்றான்.

கெமுண்டோவுக்காக வழக்காட வந்த வக்கீல் நியாபோகே கவலையோடு கேட்டாள்: "வேற அடையாளம் ஏதாவது இருக்காக்கா?"

கெமுண்டோ தடுமாறாமல் எண்ணைச் சொன்னாள். "பேரைத்தானே அழிச்சான் வக்கீலம்மா. நம்பர் அப்படியேதான் இருக்கும்."

அப்படியேதான் இருந்தது. வழக்கில் அவள் வென்றாள்.

இன்று செயற்கைக் காலோடு அதே நிறுத்தத்தில் வாழைப்பழம் விற்கிறாள். அவள் வேனிலிருந்து இறங்கும்போது இரண்டு காலும் தரையில் பட்ட பிறகே நடத்துநர்கள் கூரையைத் தட்டுகிறார்கள்.