பச்சை வயரைக் கடித்த எலி

ஈயம் உருகும்போது எழுகிற புகைக்குக் குங்கிலிய மணம் உண்டு. ஈயக் கம்பியின் நடுவே ஒரு பிசின் இருக்கிறது, அதுதான் அப்படி மணக்கிறது என்று பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் பன்னிரண்டு வயதில், திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில், கார்த்திகை மழை ஓட்டின்மேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் அந்த மணம் முதன்முதலாக மூக்கில் ஏறியபோது, குசினிக்குள் அம்மா நிற்கிறாள் என்றே நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அம்மா ஆவணியில் இறந்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் தணலில் குங்கிலியம் போட்டு அறை அறையாகக் காட்டிக்கொண்டு போவது அவளுடைய வழக்கம். அவளுக்குப் பிறகு அதைச் செய்யவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

இருவர் என்றால் அப்பாவும் நானும். அப்பா துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். ஒரு கிழமை காலை "ஷிஃப்ட்", மறு கிழமை பின்னேர ஷிஃப்ட். அவர் அதிகம் பேசாதவர் என்று சொன்னால் போதாது. பேச்சு என்பதே அம்மாவின் பொறுப்பு என்று கல்யாணம் முடித்த நாளிலேயே விட்டுக்கொடுத்துவிட்டவர். "மச்சானிட வாயைத் திறக்கப் பல் டொக்டராலதான் ஏலும்" என்று மாமா பகிடி பண்ணுவார். அம்மா இருந்தவரை அது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. அவள் போனபிறகு, வீட்டில் இரண்டு பேர் இருந்தும் கதைப்பதற்கு ஆளில்லாமல் போயிற்று. "சாப்பிட்டியா, பிள்ளை?" "ஓம் அப்பா." அதோடு அன்றைய கதை முடிந்தது. எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடுபோல மான்கள் திரியும்; பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வாசல் படலையடியில் நிற்கிற மானுக்கு வாழைப்பழத் தோலைப் போட்டுவிட்டு, அந்த மானோடுதான் நான் அன்றைய புதினங்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதுவும் தோல் முடிந்ததும் போய்விடும்.

அந்த வீட்டுக்குள்தான் கணினி வந்தது. "பிள்ளைக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் குடுங்கோ" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அம்மா கேட்டிருந்தாள். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினியை அப்பா தேடிப் பிடித்து, சாக்கால் போர்த்தி, ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அம்மாவின் தையல் மெஷின் இருந்த மேசையில் வைத்து வயர்களைப் பூட்டினோம். சில நாட்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் பின்பக்கத்தில் "டப்" என்று ஒரு சத்தம், கருகல் மணம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்த சேரிடம் கேட்டேன். கணினிக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற "பவர் சப்ளை" என்ற தகரப் பெட்டி பழுதாகியிருக்கும், அதைத் தனியாகக் கழற்றலாம் என்றார்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அம்மாவின் தமையன். நிலாவெளியில் குடும்பம், வெள்ளைக்காரர் வருகிற மாதங்களில் ஹோட்டல் வேலை, மழை மாதங்களில் கை சும்மா. அந்த மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருதரம் மோட்டார் சைக்கிளில் மீனும் புத்திமதியும் கொண்டு வருவார். மனம் நல்ல மனம், பொறுமைதான் இல்லை. ஒருநாள் அப்பாவிடம் சொன்னார்: "மச்சான், பொம்பிளைப் பிள்ளை. நீங்கள் வேலைக்குப் போனா வீட்டில ஆர் துணை? தையில புது வகுப்புத் தொடங்க முதல் எங்களோட விடுங்கோ. மாமி பாத்துக்கொள்ளுவா."

கூடாது என்று சொல்ல அப்பாவுக்கு உரிமையும் இருந்தது, வாயும் இருந்தது. ஆனால் மாமா சொன்னதில் நியாயமும் இருந்தது. கடைசியில், "இந்தக் கொம்பியூட்டர் சரிவரட்டும். அதையும் ஏத்திக்கொண்டு போகட்டும். தாய் ஆசைப்பட்டுக் கேட்டது" என்றார். மாமா சம்மதித்தார். ஆகவே என் பயணம் அந்தத் தகரப் பெட்டியின் கையில் இருந்தது. பெட்டி சரிவந்தால் நான் நிலாவெளிக்கு.

எனக்குப் போக விருப்பம்தான். மாமா வீட்டில் நாலு பிள்ளைகள், எந்நேரமும் சண்டையும் சிரிப்பும். எங்கள் வீட்டின் மௌனம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. எனவே ரோசத்தோடு வேலையில் இறங்கினேன். அப்பா களஞ்சியத்து நண்பர் ஒருவரிடம் ஈயம் பற்றவைக்கிற "சோல்டரிங் அயனை" இரவல் வாங்கி வந்தார். மேசையில் பழைய பேப்பர் விரித்து, வயரைச் சுவரிலிருந்து கழற்றி, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியட்டும் என்று நெடுநேரம் காத்திருந்துதான் மூடியைத் திறப்போம். "கடலுக்கும் கரண்டுக்கும் முதுகு காட்டப்படாது" என்பது அப்பாவின் வாசகம். உள்ளே தூசியும் உப்புத் துருவும் படிந்து, காற்றாடி அசையாமல் நின்றிருந்தது. மின்னைத் தேக்கி வைக்கிற சின்னக் குழாய்களில் இரண்டு, தலை வீங்கி வெடித்திருந்தன. மெயின் வீதி ரேடியோக் கடைக்கார நானா அவற்றைப் பார்த்துவிட்டு, "கடற்காத்து, மகள். மனிசனை விட்டிட்டு மிச்ச எல்லாத்தையும் தின்னும்" என்று சொல்லிப் புதியவை தந்தார்.

வேலை என்னுடையது. அப்பா "ரோச் லைற்" அடித்து வெளிச்சம் பிடிப்பார். அவருக்கு மூட்டைகளின் நிறை தெரியும், கப்பல் வருகிற நேரம் தெரியும், பெட்டிக்குள் இருப்பது ஒன்றும் தெரியாது. முதல் ஈயம் உருகி அந்தப் புகை எழுந்தபோது நான் குசினியைத் திரும்பிப் பார்த்தேன் என்றேனே, நிமிர்ந்தால் அப்பாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "கொம்மாவிட வெள்ளிக்கிழமை மணம்" என்றார். பிறகு, யாரோ உள்ளே ஒரு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டதுபோல, அவர் கதைக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்காமல், வெளிச்சம் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கதைத்தார். அம்மா வெருகலிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் கப்பல் ஊதுகிற சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்தியதைச் சொன்னார். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் மான் ஒன்று அவளுடைய சேலைத் தலைப்பைத் தின்றதையும், அவள் மானை விட்டுவிட்டு அவரோடு சண்டைபிடித்ததையும் சொன்னார். சொல்லும்போது வெளிச்சம் பெட்டியை விட்டு விலகிச் சுவருக்குப் போய்விடும். "அப்பா, ரோச்" என்பேன். திரும்பி வரும்.

இப்படியாக அந்த மழைக்காலத்தின் பின்னேரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது. பெரிய பிளக்கில் இருக்கிற பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் தொடுத்தால் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று சேர் சொல்லித் தந்திருந்தார். அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றைச் சுரண்டி, வளைத்துத் தொடுத்தேன். காற்றாடி சுழன்றது. நான் துள்ளினேன். அப்பா, "கெட்டிக்காரி" என்றார். நேரமாகிவிட்டதால், கணினியில் பூட்டுவதை மறுநாளுக்கு விட்டோம்.

மறுநாள் பெட்டியில் உயிரில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே பச்சை வயர் இரண்டாகக் கிடந்தது. "எலி கடிச்சுப்போட்டுது" என்றார் அப்பா. நான் நம்பினேன். அவர் சந்தைக்குப் போய் ஒரு எலிப்பொறி வாங்கி வந்து, சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றை அதில் குத்தி, மேசைக்குக் கீழே பக்குவமாக வைத்தார். நான் வயரைத் திரும்பவும் பற்றவைத்தேன். அன்றைக்கு அப்பா சொன்னது, அம்மா மீன் ஆணம் காய்ச்சப் பழகிய கதை.

கிழமை திரும்பவில்லை, அதே பச்சை வயர் மறுபடி அறுந்து கிடந்தது. இந்தமுறை ஊன்றிப் பார்த்தேன். அறுந்த இரண்டு நுனிகளும் தட்டையாக, பளபளவென்று, ஒரே கடியில் துண்டானது போலிருந்தன. எலி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறும்பும். பக்கத்து வயர்களிலும் பல் பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகத்தில் எந்த எலியும் நாலு திருகாணியைக் கழற்றி, உள்ளே போய், ஒரு வயரை மட்டும் கடித்துவிட்டு, வெளியே வந்து நாலையும் முறுக்கிவிட்டுப் போகாது. அலுமாரிக்குமேல், வயர் வெட்டுகிற குறடு வழமையான இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. என் வேலையைக் கெடுத்துவிட்டாரே என்ற கோபம். நிமிர்ந்து கேட்கவென்று வாயெடுத்தேன். அப்பா குந்தியிருந்து பொறியிலிருந்த காய்ந்த கருவாட்டை எடுத்து எறிந்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றைக் கவனமாகக் குத்திக்கொண்டிருந்தார். வராத எலிக்கு அவ்வளவு சிரத்தை. அவர் கழுத்து வேர்த்திருந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எலி பெரிசு போல, அப்பா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "ஓம் பிள்ளை. நல்லாப் பெரிசு" என்றார்.

அதன்பிறகு எனக்கும் அவசரம் இல்லாமல் போயிற்று. நிலாவெளியின் சிரிப்புச் சத்தம் என் நினைவில் குறைந்துகொண்டே வந்தது. பற்றவைப்பேன், ஒழுங்காக ஓடும், பிறகு எலி வரும். நாங்கள் இருவரும் எலியைத் திட்டுவோம். அதைப் பற்றிக் கதைப்பது மிக இலேசாக இருந்தது. எங்களைப் பற்றிக் கதைக்க எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. "போகாதே" என்று அவர் சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன். "போகமாட்டேன்" என்று நான் சொல்லியிருந்தால் அவர் என்னை அனுப்பியிருக்கமாட்டார். சொல்லவேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான், அது யார் வாயிலும் வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் மாமா வந்தார். கையில் ஒரு புது அட்டைப் பெட்டி. "எவ்வளவு காலத்துக்கு இந்தப் பழசோட மினக்கெடுவியள்? புதுசே வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றார். பாவம், மழையில் நனைந்து, அதை மட்டும் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் புதுப் பவர் சப்ளையைப் பூட்டியாயிற்று. கணினி ஒளிர்ந்தது. நாங்கள் பாராட்டுவோம் என்று மாமா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லது மச்சான்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு ஓட்டோ வந்தது. அப்பா கணினியை அம்மாவின் பழைய சேலையால் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டுக் கட்டினார். நான் ஏறியபிறகு வாசலில் நின்று, "மின்னல் நேரம் வயரைக் கழட்டி வை" என்றார். ஓட்டோ திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அவர் உள்ளே போகாமல், படலையடியில் நின்ற மானைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நிலாவெளியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமி சொந்தப் பிள்ளைபோலத்தான் வளர்த்தாள். ஆனாலும் அத்தனை சத்தத்துக்கு நடுவே, ரோச் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்கிற அந்தக் குரலைத் தேடித் தனியாக இருந்தேன். ஞாயிறுகளில் அப்பா பஸ்ஸில் வருவார். கதிரை நுனியில் இருந்துகொண்டு, "கொம்பியூட்டர் வேலை செய்யுதா?" என்பார். "ஓம் அப்பா." "எலி ஒண்டும் இல்லையா?" "இல்லை அப்பா." தலையாட்டுவார். மாமா வாங்கித் தந்தது கெட்டியான சாமான்; அத்தனை வருடத்தில் ஒருநாள்கூடப் பழுதாகவில்லை. அதற்காகவே அந்தப் பெட்டியை நான் வெறுத்தேன்.

இப்போது எனக்குக் கொழும்பில் வேலை. நான் பல்கலைக்கழகம் போனபோது அந்தக் கணினி அப்பாவிடமே திரும்பிப் போனது. ஓய்வுபெற்ற பிறகு அதில் சீட்டு விளையாடுகிறார். மாமா காலமாகிவிட்டார். ரேடியோக் கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். எங்கள் வீட்டில் குங்கிலியம் மணந்த கடைசி நாள் எதுவென்று எனக்கு நினைவில்லை. அப்பாவுக்கு நான்தான் தொலைபேசியில் எடுப்பேன். சாப்பாடு, மழை, "சரி வைக்கட்டா?" அவ்வளவுதான். அவராக எடுப்பதில்லை. போன மாதம் மழை தொடங்கியிருந்த நேரம், அவராகவே எடுத்தார்.

"பிள்ளை, கொம்பியூட்டர் எரியுதில்லை. எலி கடிச்சிருக்கு போல."

வேலையிடத்தில் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மேசையில் பேப்பர் விரித்து வைத்திருந்தார். நான் நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். பச்சை வயர்தான். ஆனால் முன்னைப்போல ஒரே கடியில் அறுந்திருக்கவில்லை. அங்குமிங்கும் நசுங்கி, தோல் உரிந்து, பக்கத்து வயர்களிலும் கீறல் விழுந்து, கடைசியில் ஒருமாதிரியாக அறுந்திருந்தது. குறட்டை அழுத்துகிற பலம் அந்தக் கைக்கு இப்போது இல்லை. இந்தமுறை அது உண்மையாகவே எலி கடித்தது போலிருந்தது.

"எலிதானே?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, எலிதான். கன இடத்தில கடிச்சிருக்கு. ஒரு கிழமை எடுக்கும் போல."

"ஆறுதலாச் செய், பிள்ளை. அவசரமில்லை" என்று சொல்லி, பழைய ரோச் இல்லாதபடியால் கைபேசியின் வெளிச்சத்தைப் பெட்டிக்குள் பிடித்தார். நான் ஈயத்தை உருக்கினேன்.