எனக்குக் கேட்காத பேஸ்

என் பிழைப்பே மின்சாரத்தை நம்பித்தான். வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "மொதல்ல உன் வூட்ல எர்த்து சரியா கீதா பாரு" என்று வாயை அடைத்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். பயந்துபோய்ச் சொல்லவில்லை, வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன். பயமாக இருந்திருந்தால் இத்தனை நாளில் போயிருக்கும்.

ஷிப்ட் இல்லாத நேரத்தில் வீட்டிலேயே எலக்ட்ரிக் கிதார், பேஸ் கிதார் எல்லாம் ரிப்பேர் செய்வேன். எங்கள் பக்கம் ஜெபக்கூடங்கள் நிறைய, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக் குழு, அதனால் ஹாலில் மாட்டியிருக்கும் முருகர் படத்துக்குக் கீழே எப்போதும் நாலைந்து கிதார் சாய்ந்திருக்கும். அப்படி வந்தவன்தான் தானியேல். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வருஷக்கணக்காக நின்று இரண்டு காதும் போய்விட்டது. பேச்சு நன்றாக வரும், நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். காது போன பிறகும் ஜெபக்கூடத்தில் அவன்தான் பேஸ் வாசிக்கிறான் என்றால் நம்புவீர்களா? செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துக்கொண்டு வாசிப்பான், அதிர்வு காலில் ஏறும், அதுவே அவனுக்குக் காது. ஒரு தாளம் தப்பாது.

ஒரு சனிக்கிழமை அவனுடைய பேஸில் கரகரவென்று சத்தம் வருவதாகக் கூட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள் என்று கொண்டுவந்தான். ஒயர் சொருகுகிற ஜாக் லூஸ், வேறொன்றுமில்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பிக்கப்பைக் கண்டேன். பிக்கப் என்பது தந்திகளுக்குக் கீழே இருக்கும், காந்தமும் செம்புக் கம்பிச் சுற்றும் சேர்ந்த சின்னத் துண்டு, தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். இது பழைய ஜப்பான் சரக்கு, இன்றைக்குத் தேடினாலும் கிடைக்காது. அந்த மாதிரி ஒன்று என் பேஸில் இருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அச்சு அசலாக அதே அளவில் ஒரு மட்டமான பிக்கப் டப்பாவில் கிடந்தது, அதைப் பொருத்திவிட்டு இதை எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள். "ஏங்க, அது அவுருதாச்சே?" என்றாள்.

"செவிடன் காதுல ஊதுன சங்கு. அவனுக்கு இன்னா தெரியப் போவுது" என்று சொல்லி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

தானியேல் வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் ஜெபம் முடிந்த கையோடு நேராக வந்து நின்றான்.

"ரவிணா, பொட்டியோட ஒத முன்ன மாரி காலுக்கு வர்லணா. ஏதோ கொறையுது."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. பழைய சத்தத்தவிட இப்போ சூப்பரா கீது. உனக்குத்தான் அப்டித் தோணுது" என்று அவன் முகத்தைப் பார்த்து, உதட்டைத் தெளிவாக அசைத்துச் சொன்னேன். அவன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான், தப்பு காலில்தான் இருக்கிறது என்பது போல. "அப்டியாணா, உங்குளுக்குத்தான் தெரியும்" என்று போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணி, நல்ல வெயில். அந்த பிக்கப்பை என் பேஸில் வைத்து, ஈயம் பற்றவைத்து, ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஒரு தந்தியைத் தட்டினேன். சத்தமே இல்லை. சரி, பற்றவைத்தது பிடிக்கவில்லை என்று மறுபடியும் வைத்தேன். மீட்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகக் காட்டுகிறது. ஒயரை மாற்றினேன், வால்யூமை முழுசாகத் திருகினேன், நாலு தந்தியையும் மாற்றி மாற்றி அடித்தேன், ஒன்றும் இல்லை. அப்போதுதான் செல்வி சமையலறையிலிருந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னாங்க இது, நிறுத்துங்க, டம்ளர்லாம் கீழ வுயுது!" என்று கத்தினாள். அவள் கத்தியது கேட்டது. அவள் வளையல் சத்தம் கேட்டது, அடுப்பில் குக்கர் விசில் கேட்டது, ரோட்டில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

ஸ்பீக்கரைப் பார்த்தேன். அந்தக் காகிதக் கூம்பு துடித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டி மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் வந்துவிட்டார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னண்ணே, நைட் ஷிப்ட் முடிச்சுட்டு இப்பதான் படுத்தேன். கட்டிலே ஆடுதுல்லா" என்றார். நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், ஒயரைப் பிடுங்கினால் வெறும் தந்தியின் சத்தம் மெலிசாகக் காதில் விழுகிறது, சொருகினால் அதுவும் போய்விடுகிறது. என் பேஸில் முன்பு இருந்த பிக்கப்பைத் திரும்ப வைத்தால் கேட்கிறது, தானியேலுடையதை வைத்தால் இல்லை. போனில் பதிவு செய்து போட்டேன், செல்விக்குக் கேட்டது. எனக்கு மின்விசிறிச் சத்தமும் என் மூச்சும்தான். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயந்துவிட்டாள். "குட்த்துட்டு வந்துடுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஜெபம் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய தகரக் கூரை போட்ட கூடத்துக்குப் போனேன். "சின்ன வேல ஒன்னு பாக்கி கீது" என்று சொல்லி பேஸை வாங்கி, யாரும் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து, அவன் பொருளை அவனுக்கே வைத்துக்கொடுத்தேன். திருடும்போது இருந்த தைரியம் திருப்பிக் கொடுக்கும்போது இல்லை. தானியேல் பெட்டிமேல் காலை வைத்து ஒரு தந்தியைத் தட்டினான். "வந்துட்சிணா!" என்று கத்தினான், கண்ணில் தண்ணீர்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர்களிடம் சாட்சி சொல்கிற வழக்கம் ஒன்று உண்டு, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். தானியேல் எழுந்தான். "எனுக்குக் காது இல்ல, ஆனா கர்த்தர் ரவியண்ணனக் குட்த்தாரு, அவுருதான் என் காது" என்றான். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. பாஸ்டர் மைக்கை என்னிடம் நீட்டி, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க சகோதரரே" என்றார். சொல்லியிருக்கலாம். அதற்கென்றே கொடுத்த இடம் மாதிரி இருந்தது. நான் மைக்கைப் பிடித்து, "அவர் பேஸ் நல்ல பேஸ்ங்க, நான் ஒன்னும் பண்ணல" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். கூசிப்போய் உட்கார்ந்தேன்.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டு, டிரம்ஸ், கஞ்சிரா, பெண்களின் குரல் எல்லாம் கேட்டது. பேஸ் மட்டும் கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேர் அடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை, இன்று வரை ஆகவில்லை. கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கிறார்கள், இரண்டு காதும் நார்மல் என்று சீட்டு தருகிறார்கள்.

இப்போதும் விசேஷ ஜெபம் என்றால் தானியேல் என்னைத்தான் கூப்பிடுவான். நான் எதிரே நிற்பேன், அவன் வாசித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வால்யூம் வைப்பான். நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டுவேன். போன மாதமும் அப்படித்தான் காட்டினேன். எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் பேஸை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவன், என் தோளில் கை வைத்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டான்.

"உங்குளுக்கு இது கேக்கறதில்ல, இல்லணா? கயட்டி எட்த்தீங்களே, அன்னிலேர்ந்தா?"

வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, தான் சொல்லவில்லை என்று செல்வி முருகர் படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வேறு யாருக்கும் தெரியாது. அன்று நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அவன் என் உதட்டைப் பார்க்கவில்லை. "பரவால்லணா, போவப் போவப் பயகிடும்" என்று சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்து டீ வாங்கப் போனான்.