எந்த வீட்டுக்காரன்?

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாம். டாக்டர் தையல் போட்ட இடம் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே தெருவில் இரண்டு வாடகை வீடுகளில் இருந்தோம். சண்டையெல்லாம் இல்லை. நான் தையல்காரி. நேரங்காலம் இல்லாமல் மிஷின் ஓடும். அவர் அடுத்த தெரு லேத் பட்டறையில் உழைத்துக் களைத்து வருவார், படுத்தால் குறட்டையில் கூரை பறக்கும். ஆளுக்கொரு வீடு என்று சந்தோஷமாகத்தான் முடிவு செய்தோம். சொந்தபந்தம் காதைக் கடித்துக்கொண்டது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

தினமும் சாயங்காலம் வந்து கதவைத் தட்டுவார்.

"யாரு?"

"வீட்டுக்காரன்."

"எந்த வீட்டுக்காரன்?"

"வாடகை கேக்காத வீட்டுக்காரன்."

பிறகுதான் உள்ளே விடுவேன். அசட்டு விளையாட்டுதான், ஆனால் ஒருநாளும் விட்டதில்லை. அன்று விட்டேன்.

அன்று ஆறரை மணிக்குக் கரண்ட் போனது. கொட்டுகிற மழை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். உதட்டில் ஏழெட்டுக் குண்டூசிகளைக் கவ்வியிருந்தேன்.

டொக்... டொக்...

"யாரு?" பல்லிடுக்கில் கேட்டேன்.

"வீட்டுக்காரன்."

குரல் கரகரத்தது. நனைந்து சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வேலை பாதியில் நிற்கிறது, எழுந்திருக்க மனமில்லை.

"தாழ் போடல. வாங்க, உங்க வீடுதானே!"

கதவு திறந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் தாழ் போட மாட்டாரே. செருப்பை உதறுகிற சத்தமும் இல்லை. ஈரக் கால்கள் மட்டும்... சளக்... சளக்... என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. ஈர மண் வாடை அடித்தது.

"தலையைத் துடைங்க."

திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மழை விடட்டும்மா. இன்னும் பட்டறையிலதான் இருக்கேன்."

என் வீட்டுக்காரர்.

அப்படியானால்...

ஒரு கை என் முடியைக் கொத்தாகப் பிடித்தது. முகத்தை மிஷினில் மோதியது. மறுபடி மோதியது. குண்டூசிகள் கன்னத்துக்குள் இறங்கின. கத்தினேன். ரத்தம்தான் கொப்பளித்தது.

வலது கை கழுத்தை நெரித்தது.

கத்தரிக்கோல் விரலில் பட்டது. எடுத்துப் பின்னால் ஓங்கிக் குத்தினேன். பிடிவரை இறங்கியது. ரத்தம் வரவில்லை. மண் உதிர்ந்தது.

கதவு அதிர்ந்தது. போனில் சத்தம் கேட்டு அவர் ஓடி வந்திருக்கிறார்.

"நான்தான்! உன் வீட்டுக்காரன்! கதவைத் திற!"

என் காதோரம் அந்தக் குரல்...

"வீட்டுக்காரன் உள்ள இருக்கேன்."

பிடி இறுகியது.

கண் இருட்டியது.

கதவு உடைந்து விழுந்தது. உள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை.

போலீஸ் அவரைத்தான் பிடித்து வைத்தது. புருஷன் பெண்டாட்டி தனித்தனி வீடு என்றால் வேறென்ன, சண்டைதான் என்றார்களாம். எனக்கு வயிறு எரிந்தது. என் கழுத்தில் இருந்தது ஐந்து விரல் பதிந்த வலது கைத் தடம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டார்கள். என் வீட்டுக்காரரின் வலது கையில் மூன்று விரல்தான். மற்ற இரண்டை லேத் தின்று பல வருஷமாகிறது.

வீட்டுக்கார அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அழுதாள்.

"அப்பா அடி தாங்காமத்தான் எங்கம்மா நீங்க இருக்கிற அந்த வீட்டுக்குத் தனியா வந்தாங்க. தினமும் வந்து, 'வீட்டுக்காரன் வந்திருக்கேன், திற'ன்னு தட்டுவாரு. அம்மா திறக்கல. ஒரு மழையில அந்த வாசல்லயே விழுந்து செத்துட்டாரு. அதுக்கப்புறமும் தட்டினாரு... அம்மா சாகிற வரைக்கும் திறக்கல."

வாடகைக்கு விடும்போது இதைச் சொல்ல வாய் வலித்ததா என்று கேட்டிருப்பேன். கன்னத்துத் தையல் விடவில்லை.

"நீங்க என்ன சொல்லி உள்ள கூப்பிட்டீங்க?"

கஷ்டப்பட்டு முனகினேன். "உங்க வீடுதானேன்னு..."

அவள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். அந்தக் குறட்டை கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

ஒன்றை மட்டும் அவர் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என் மிஷினை எடுக்கப் பட்டப்பகலில் அங்கே போயிருக்கிறார். புதுக் கதவு, வெளியே பூட்டு. சாவி கையில் இருந்தும் பழக்கதோஷத்தில் தட்டியிருக்கிறார். "வீட்டுக்காரன்" என்றும் சொல்லியிருக்கிறார்.

உள்ளேயிருந்து கேட்டதாம்.

"எந்த வீட்டுக்காரன்?"

அது என் குரல்.