என் கையில் ஒட்டிய மஞ்சள்

மங்காஃப் ஜெபக்கூட்டத்துச் சகோதர சகோதரிகளே, உங்கள் நடுவில் எழுந்து நின்று பேச இன்றைக்கு எனக்கு மூச்சு இருக்கிறது. அதற்கே முதலில் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

போன ஈஸ்டருக்கு முந்தின வாரங்களில் அந்த மூச்சுதான் எனக்கு இல்லை. நான் வேலை செய்யும் குவைத்தி வீட்டில் வியாழக்கிழமை மாலையானால் பகூர் புகை போடுவார்கள். வாசனைக் கட்டையைத் தணலில் போட்டு, அந்தத் தூபக்காலை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. ஏழு வருஷமாகச் செய்ததுதான். அந்த முறை மணல் காற்றும் சேர்ந்துகொண்டது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. மாடிப்படியில் பாதி ஏறி நின்று, கையிலிருந்த துணியை மறுபடி மடிப்பதுபோல நடிப்பேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வியாதிக்காரி என்று தெரிந்தால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நான் திரும்பிப் போனால் இலங்கையில், ஹட்டனில் இருக்கும் என் மகள் ஷாலினியின் படிப்பு நின்றுவிடும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஷாலினிக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. போனில் என் குரலைக் கேட்டே கண்டுபிடித்தாள். ஊரிலிருந்து இங்கே வந்த ஒருவரிடம் ஒரு டப்பாவைக் கொடுத்தனுப்பினாள்.

"அம்மா, இது மஞ்சள்ல எடுத்த காப்சூல். இழுப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. ஒன்னுக்கு மேல போடாதீங்க. டொக்டரையும் கட்டாயம் பாருங்க" என்றாள்.

முதல் பாதி காதில் விழுந்தது. மற்றது விழவில்லை. என் புத்தி அப்படி!

காப்சூலை விழுங்க எனக்குத் தொண்டை ஒத்துழைக்காது. உடைத்துச் சூடான பாலில் போட்டேன். ஒன்று மூன்றானது. போதாதென்று மிச்சப் பொடியைக் கழுத்திலும் நெஞ்சிலும் பூசினேன். "ஆண்டவரே, இந்த மஞ்சளிலேயே எனக்கு ஒரு வழி காட்டும்" என்று தினமும் ஜெபித்தேன். இழுப்போ கூடிக்கொண்டே போனது.

ஒரு வியாழக்கிழமை. தூபக்காலை வீட்டுக்கார மேடத்திடம் நீட்டினேன். என் விரல்களைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையைப் புரட்டினார். கழுத்தைப் பார்த்தார்.

"ஸல்வா! அபு சஃபார்!" என்று கத்தினார். என் பெயர் செல்வமணி. அவர் வாயில் அது ஸல்வா. அபு சஃபார் என்றால் மஞ்சள் காமாலை. எனக்குப் பேச மூச்சு இல்லை. மூச்சு இருந்திருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்தி அவரே காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓட்டினார்.

அங்கே மலையாள நர்ஸ் ஒருத்தி பஞ்சால் என் கையைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது, கை பழைய நிறத்துக்கு வந்தது.

"சேச்சி, இது மஞ்சள்பொடி அல்லே?" என்று சிரித்தாள். அடுத்த நொடி சிரிப்பு நின்றது. "இது எந்தா, நெஞ்சில இந்த சத்தம்?"

டொக்டர் உடனே மூச்சு மருந்து கொடுத்தார். அலர்ஜியால் வந்த ஆஸ்துமா, புகைதான் தூண்டிவிடுகிறது என்றார். இழுப்புக்குக் காப்சூலை நம்பி இருக்காதே, இன்ஹேலரை விடாதே என்றார். இப்படி அளவில்லாமல் சாப்பிட்டால் ஈரல் கெட்டு நிஜமாகவே காமாலை வரும் என்று திட்டினார்.

நான் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அனுப்பிடாதீங்க மேடம்" என்று அரபியும் தமிழும் கலந்து கெஞ்சினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"பைத்தியக்காரி, யார் உன்னை அனுப்பப் போறது? என் அம்மாவுக்கும் இதே வியாதி இருந்துச்சு. ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

பாருங்கள், நான் மஞ்சளில் வழி கேட்டேன். நான் நினைத்த வழியில் அது வரவில்லை. மூடி மறைத்ததை என் ஆண்டவர் என் கையிலேயே எழுதி, பார்க்க வேண்டியவர் கண்ணில் காட்டிவிட்டார். இப்போது மஞ்சள் கறிக்கு மட்டும்தான். மூச்சுக்கு இன்ஹேலர், காலையும் மாலையும். ஷாலினி படித்துக்கொண்டிருக்கிறாள்.

வியாதியை ஒளித்து வைத்திருக்கிற என் அக்கா தங்கைமாரே, ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் மனுஷரிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். அவர்கள் வழியாகவும் அவர் பதில் தருவார்.

இப்போதும் வியாழக்கிழமை பகூர் புகைகிறது. மேடமே தூபக்காலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போகிறார். போகும்போது, "ஸல்வா, கதவை மூடு!" என்று அதட்டுவார். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே மூடுவேன்.