மேற்குக் காற்று அடித்தால் கதவை மூடுவோம்

"வியாழக்கிழமை நர்சரியில் நடந்ததை உங்கள் சொற்களில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். இது உங்களுக்கு உதவுவதற்காகத்தான்." ஜனவரி 28, செவ்வாய் என்று தேதியிட்ட இந்தக் கடிதத்தை எழுதியவர் ஷாரன். இங்கே எங்கள் ஊர்க் கவுன்சிலில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையங்களுக்கு ஆலோசகராக இருப்பவர். கடைசி வரியை நான்கு முறை படித்தேன். வட சென்னையில், திருவொற்றியூரில் நான் பதினொரு வருடம் பால்வாடி டீச்சராக இருந்தேன். அங்கே அலுவலகத்திலிருந்து வரும் மெமோக்கள், தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு முடியும். அவற்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியும். உதவி செய்கிறேன் என்று ஓர் அதிகாரி எழுதினால் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், கணவரின் வேலைக்காக வந்து சேர்ந்த இந்த ஊரில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் டெபி என்பவர் நடத்தும் சிறு நர்சரியில் உதவிப் பணியாளராகச் சேர்ந்தேன். ஜனவரி 23, வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு இரண்டு வயதுக் குழந்தைகள் ஐந்து பேருடன் பின் அறையில் இருந்தேன். அழுகிய முட்டைக்கோசு போல ஒரு நாற்றம் வந்தது. நான் எழுந்து மூன்று ஜன்னல்களையும் சாத்தினேன். கதவைத் தாழிட்டேன். துண்டை நனைத்துக் கதவின் அடியில் திணித்தேன். கைக்குட்டைகளை நனைத்துக் குழந்தைகளின் மூக்கில் வைத்து, சுவரோரம் உட்கார வைத்து, பாடத் தொடங்கினேன். இத்தனையும் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கைகள் தாமாகச் செய்தன. செய்து முடித்ததும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கதவு இடிபட்டது. டெபியின் குரல். "எல்லோரும் வெளியே! உடனே!" நான் உள்ளிருந்தே, "பயப்படாதீர்கள், நான் எல்லாவற்றையும் மூடிவிட்டேன்" என்றேன். பிறகு அவர், "என்ன செய்துவிட்டாய்?" என்று கேட்ட விதத்தில்தான் எனக்கு விளங்கியது. நாற்றம் எங்கள் அறைக்கு அடுத்திருந்த சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. குழந்தைகளை நான் கசிந்த வாயுவோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தேன். பனிபடிந்த முற்றத்தில் அவர்கள் கோட்டில்லாமல் நின்றார்கள். ஒருத்தி தன் ஈரக் கைக்குட்டையை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டெபி அதைப் புகாராக எழுதியே ஆக வேண்டும். ஷாரன் பார்த்து முடிவு சொல்லும்வரை குழந்தைகளுடன் நான் தனியாக இருக்கக் கூடாது. அவர் தகுதியில்லை என்று எழுதிவிட்டால், இந்த நாட்டில் இனி எந்தக் குழந்தையையும் என்னிடம் ஒப்படைக்க மாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் பால்வாடி கடற்கரைக் குப்பம் ஒன்றில் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே மணலியின் ஆலைகள். மேற்குக் காற்று திரும்பினால், எந்தத் தொழிற்சாலை என்று யாரும் அடையாளம் காட்ட முடியாத ஒரு நாற்றம் தெருவுக்குள் வரும். அடுப்பில் சாதத்தைக் கிளறிக்கொண்டிருக்கும் எங்கள் ஆயா கஸ்தூரிக்காதான் முதலில் கண்டுபிடிப்பார். "டீச்சரே, காத்து திரும்பிகிச்சு. கலீஜ் வந்துகினு கீது, பசங்கள உள்ள இஸ்துக்கோ" என்று குரல் வரும். நான் கதவையும் ஜன்னலையும் சாத்துவேன். கைக்குட்டைகளை நனைத்துக் கட்டுவேன். பன்னிரண்டுக்கு மேல் கடல் காற்று எழுந்து நாற்றத்தை மேற்கே தள்ளும்வரை அப்படியே உட்கார்ந்திருப்போம். மதியம் கூட்டிப்போக வரும் தாய்மார்கள் கேலி செய்வார்கள். மீன் விற்கும் ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது: "இன்னா டீச்சர், பசங்களுக்கு மூஞ்சில துணி கட்டி கொள்ளக்காரனாட்டம் ஆக்கி வச்சிக்கிற? எம்பொண்ணு மீன் கூடைல வளந்தவ. நாத்தத்துக்கே இவள கண்டா பயம்." அவள் மகள் ரம்யாவுக்கு அப்போது நான்கு வயது.

இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயிற்சிகளுக்குக் குறைவில்லை. மாதாந்திரக் கூட்டம், புத்தாக்கப் பயிற்சி என்று எத்தனையோ கூடங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எடை பார்ப்பது, உயரம் அளப்பது, சத்துமாவு, அபிநயப் பாட்டு எல்லாம் சொல்லித் தந்தார்கள். நல்ல பயிற்சிகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை எழுந்து, நாற்றம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். பயிற்சி கொடுத்த அம்மையார் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்றார். பின்வரிசையில் யாரோ, "உக்காரு டீச்சர், சாப்பாடு ஆறிடப் போவுது" என்றதில் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கே வந்ததும் டெபி என்னைக் கணினி முன் உட்கார வைத்தார். வாயு கசிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அதில் வந்தது. 'கட்டடத்தை விட்டு வெளியேறுவேன்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். முழு மதிப்பெண். சான்றிதழ் நர்சரிச் சுவரில் தொங்குகிறது. விடை எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த விடையை யாரும் என் கைகளுக்குச் சொல்லவில்லை.

ஷாரன் கேட்ட ஒரு பக்கத்தை மூன்று நாள் எழுதினேன். தேதி, மணி, இடம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். 'எங்கள் ஊரில் ஆபத்து வெளியிலிருந்து வரும், அதனால் மூடுவோம். மூடியதால் குழந்தைகள் காப்பாற்றப்பட்டார்கள்' என்ற வரியில் பேனா நின்றது. ஆதாரம் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது. ஆதாரம் பெட்டியில் இருந்தது. பால்வாடியில் அரசாங்கப் பதிவேடுகளில் நாற்றத்துக்குக் கட்டம் கிடையாது என்பதால், நானாகவே ஒரு நீள நோட்டில் எழுதி வந்திருந்தேன்: காற்று எந்தத் திசை, எத்தனை மணிக்கு மூடினேன், எப்போது திறந்தேன், எந்தக் குழந்தை இருமியது, உள்ளே நாற்றம் எப்படி. கடைசிக் கட்டத்தில் நாள் தவறாமல் 'அரை மணியில் குறைந்தது' என்று இருந்தது. இன்னொரு சாட்சி வேண்டுமே என்று, பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை கஸ்தூரிக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"இன்னா டீச்சரு, வெள்ளைக்காரிச்சியா ஆயிட்டியா? பேச்சு மட்டும் அப்டியே கீது" என்றார். நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தார். பிறகு, "சிரிக்க கூடாது, பசங்க நல்லாகீறாங்களா?" என்று கேட்டார். கதவை மூடினால் உள்ளே நாற்றம் குறைந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா என்று கேட்டேன்.

"ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லுக்கா."

"நீ மூடிட்டு ரிஜிஸ்டர் எழுத குந்துவல்ல? நான் சமையல் ரூம்பு பின் ஜன்னல தொறந்து வுட்ருவேன். இன்னா பண்ண சொல்ற? அடுப்பு வேற எரிஞ்சிகினு கீது, பசங்க வேத்து வழியுதுங்க, மூச்சு வுட வேணாமா? உங்கிட்ட சொன்னா பேஜாரு. நீ எழுந்துக்கிறப்ப மூடிருவேன்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்னு சொல்ல மாட்டேன். தோணுற நாளு."

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொரு வருடம் நான் எழுதிய 'குறைந்தது' எல்லாம் மூடியதால் குறைந்ததா, அவர் திறந்ததால் குறைந்ததா? கஸ்தூரிக்கா விடவில்லை. "நல்ல வேள நீயே போன் பண்ண. இங்க புது டீச்சரு வந்துக்குது, சின்ன பொண்ணு. போன வாரம் காத்து திரும்பிச்சு, மூடலாமா தொறக்கலாமான்னு என்னாண்ட கேக்குது. நான் ஆயா, எனக்கு இன்னா தெரியும்? நீதான் ஃபாரின்ல டிரெய்னிங் எடுத்துகினு கீறியே, கேட்டு சொல்லு" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 4 அன்று ஷாரன் வந்தார். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் எழுதிய பக்கத்தைப் படித்தார். 'காப்பாற்றப்பட்டார்கள்' என்ற வரியை அடித்திருந்தேன். அந்த இடத்தில் கஸ்தூரிக்கா சொன்ன ஜன்னல் கதையை முழுதும் எழுதியிருந்தேன். எனக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தேதான் எழுதினேன். நோட்டைக் காட்டினேன். தமிழ் தெரியாமலே பக்கங்களைப் புரட்டினார்.

"இதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவீர்கள்?"

"அனுப்ப மாட்டேன்."

"அப்படியானால் அவர்களே வந்து வாங்கிப் போவார்களா?"

"யாரும் கேட்டதில்லை."

என் ஆங்கிலம் சரியில்லை என்று நினைத்து அதே கேள்வியை மெதுவாக, வேறு சொற்களில் கேட்டார். நானும் அதே பதிலை மெதுவாகச் சொன்னேன். நோட்டை மூடி இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார். நான்கு வாரம் டெபியுடன் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும், வாரம் ஒருமுறை வெளியேறும் ஒத்திகையை நானே நடத்த வேண்டும், அதன் பின் தனியாகக் குழந்தைகளைப் பார்க்கலாம் என்று முடிவு சொன்னார். பக்கத்தின் அடியில், 'மறைக்காமல் எழுதியிருக்கிறார்' என்று குறித்தார். நன்றி சொன்னேன். பிறகு, புது டீச்சரின் கேள்வியைக் கேட்டேன்: நாற்றம் வெளியே இருந்தால், வெளியேறும் இடமே நாற்றமாக இருந்தால், மூடுவதா, திறப்பதா? "எனக்குத் தெரியாது. எங்களிடம் அதற்குப் பாடம் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஷாரன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். திருவொற்றியூர்க் கூடத்தில் கேட்ட பதிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த எழுதிக்கொண்டதுதான். அது சிறிய வித்தியாசம் என்றும் சொல்ல மாட்டேன், போதுமானது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு மாதமாகப் போகிறது. பதில் வரவில்லை.

கடைசி ஒத்திகை பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. மணியை அடித்தேன், ஜன்னல்களைத் திறந்தபடி விட்டேன், ஒன்பது குழந்தைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். முற்றத்தில் நின்று எண்ணும்போது காற்று கட்டடத்திலிருந்து எங்கள் முகத்துக்கு நேராக அடித்தது. யோசிக்காமல் வரிசையை எதிர்ப்பக்க வேலிக்கு நகர்த்தினேன். டெபி ஓடிவந்தார். "ஏன் நகர்த்தினாய்? கூடும் இடம் அந்த மூலைதான். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது." காற்றைக் காட்டினேன். அவர் என் விரல் நீண்ட திசையில் வானத்தைப் பார்த்து, "மழை வராது" என்றார். குழந்தைகளைப் பழைய மூலைக்கே கூட்டிவந்து மறுபடி எண்ணினேன். ஒன்பது. ஒத்திகையில் நான் தேறிவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் எனக்குத் தனியாக அறை. இங்கே குழந்தைகளை வெளியே கொண்டுபோவேன், அதில் இனி என் கைக்குச் சந்தேகமில்லை. புது டீச்சருக்கு என்ன சொல்வது என்பதில்தான் இரண்டு ஊருக்கும் நடுவில் நிற்கிறேன். மூடு என்றோ திற என்றோ சொல்ல எனக்கு இருக்கும் ஒரே அனுபவம் அந்த மீன் விற்பவளின் மகள் ரம்யாவுடையது. ஒரு வருடம் ஆகஸ்ட் 19 அன்று, மூடிய அறைக்குள் அவளுக்கு இளைப்பு வந்து, கஸ்தூரிக்கா தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். நாற்றம் உள்ளே புகுந்ததால் வந்ததா, மூடிய அறையின் புழுக்கத்தால் வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல அந்தப் பின் ஜன்னல் ஒன்றுதான் சாட்சி: திறந்திருந்தால் நாற்றம், மூடியிருந்தால் புழுக்கம். நேற்றுக் காலை மறுபடி போன் செய்து கேட்டேன். "அன்னிக்கா? பசங்க சத்தம், புள்ள மூச்சு இஸ்துகினு கீது, இதுல ஜன்னல யாரு பாத்தா, டீச்சரு?" என்றார் கஸ்தூரிக்கா. பின்னணியில் பால்வாடிக் குழந்தைகளின் பாட்டு கேட்டது. அங்கே காற்று எந்தப் பக்கம் என்று கேட்டேன். இப்போதுதான் மேற்குக் காற்றாகத் திரும்புகிறது என்று சொல்லி, மூடுவதா திறப்பதா என்ற என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஆகஸ்ட் 19 அன்று சமையலறைப் பின் ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.